கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது

மழைநீர் வடிகால் கேட்டுத் தமிழ்நாட்டில் யார் மனுக் கொடுத்தாலும் வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: மதிப்பீடு தயாரிக்கப்பட்டு, கருத்துரு அரசுக்கு அனுப்பப்பட்டுள்ளது, நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும். 2022 தொடக்கத்தில் என் அலுவலகத்துக்கு வந்த குடியிருப்போர் நலச் சங்கத்தார் ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்தார்கள். அதில் இந்தப் பதிலின் பல பிரதிகள் இருந்தன. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு எழுதியதற்கு வந்தது ஒன்று. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்ததற்கு வந்தது ஒன்று. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியது இன்னொன்று. தேதியும் கையெழுத்தும் மாறியிருந்தன. வாசகம் மாறவில்லை.

ஊர், மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கிவிடக்கூடிய ஒரு பேரூராட்சி. பெயரைச் சொல்லப்போவதில்லை. எதிர்மனுதாரர்களாக நின்ற அலுவலர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்களில் ஓரிருவர் அந்தத் தெருக்களுக்காக உண்மையிலேயே அலைந்தவர்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் பார்வைக்குத் தட்டை. தண்ணீர் அதை அப்படிப் பார்ப்பதில்லை. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. வடக்கே சாத்தையாற்றுத் தண்ணீர் கண்மாய் கண்மாயாக இறங்கி வண்டியூர் வழியாக வைகைக்கு வருவதும், தெற்கே கிருதுமால் நதி நாகமலைப் பக்கமிருந்து கிளம்பி நகரத்தைக் கடந்து போவதும் இந்தப் பழைய ஏற்பாட்டின் பகுதிகள். இடையில் இருந்த ஆயக்கட்டு வயல்கள் மனைகளாகிவிட்டன. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலும், உபரியைக் கொண்டுபோன ஓடையும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அப்படியே இருக்கும். தரையில் தேட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2004 ஜூலையில், உலகநேரிக் கண்மாய்ப் பரப்பில்தான் திறக்கப்பட்டது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை நாங்கள் வாதாடுகிற இடம் அதுதான். இதைச் சொல்லிச் சிரிக்காத வழக்கறிஞர் எங்கள் பக்கம் யாரும் இல்லை.

என் கட்சிக்காரர்களின் குடியிருப்பும் அப்படிப்பட்ட ஒரு பழைய வயல்வெளிதான். நாலைந்து தெருக்கள். தெருவோரத்தில் எப்போதோ கட்டிய ஒன்றரை அடி அகல வாறுகால். கழிவுநீருக்கும் அதுதான், மழைநீருக்கும் அதுதான். அது ஊர் எல்லையில் மாநில நெடுஞ்சாலையைத் தொட்டு, ஒரு சிறுபாலத்தின் அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் உள்ள கண்மாய்க்குப் போக வேண்டும். போக வேண்டும் என்பது வரைபடம். 2021 வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்கவே இயல்பைவிட மிக அதிகமாகக் கொட்டியது. அந்த நவம்பரில் அங்கே வீட்டுக்குள் வந்த தண்ணீர் மூன்றாம் நாள் வரை வடியவில்லை. கழிவறைக் கோப்பை வழியாக மேலே வந்தது என்றார் ஒரு பெண். மாவரைத்து விற்கிற குடும்பம் அவருடையது. இரண்டு கிரைண்டர்களின் மோட்டாரும் போயின.

சங்கத் தலைவர் நில அளவைத் துறையில் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கியவர். என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

“தம்பி, ரோடு போடப் போட எங்க வீடு எறங்கிக்கிட்டே போகுது. நான் கட்டுனப்ப மூணு படி ஏறி உள்ள போவோம். இப்ப ஒரு படி எறங்கி உள்ள போறோம்” என்றார்.

பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போடக்கூடாது என்று அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு 2021 மே மாதத்திலேயே எழுதியிருந்தார். அவர் எழுதுவதற்கு முன்பே அந்தத் தெருக்களில் சாலை வீட்டுவாசலைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

அவர்கள் என்னிடம் கேட்டது எளிமையானது: “வாறுகால் கட்டிக் கொடுக்கச் சொல்லி ஒரு ஆர்டர் வாங்கிக் குடுங்க.” ஆர்டர் வாங்குவது கடினமில்லை. படத்தில் தண்ணீர் தெரிந்தால் போதும். எட்டு வாரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கவும் என்று ஒரு பக்கத்தில் உத்தரவு கிடைக்கும். பிறகு எட்டு வாரம் கழித்து என்ன நடக்கும்? உரிய நடவடிக்கையாக, கருத்துரு இன்னொரு முறை அனுப்பப்படும். அவமதிப்பு மனுப் போட்டால் அதையே பதிலாகத் தாக்கல் செய்வார்கள். அதில் தப்புக் காண முடியாது. ஆகவே கட்டடத்தைக் கேட்பதைவிடப் பணம் வருகிற பாதையைக் கேட்பதே சரி என்று தீர்மானித்து மனுவை எழுதினேன். மட்டம் பிடித்து, முழுக் கணக்கோடு திட்ட அறிக்கை தயாரிக்க வேண்டும். அதைக் குறித்த தேதிக்குள் மேலே அனுப்ப வேண்டும். எந்த நிதித் தலைப்பில் ஒதுக்குகிறோம், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று அரசு காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். சங்கத்தாருக்கு இது பிடிக்கவில்லை. “காகிதத்துக்கா கேஸு?” என்றார் ஒருவர்.

வடிகால் வழக்கென்றால் எந்த வழக்கறிஞரும் முதலில் கையில் எடுப்பது ரத்லாம் தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு நகராட்சி. திறந்த சாக்கடை, மதுபான ஆலைக் கழிவு, கழிப்பிடம் இல்லாததால் தெருவே கழிப்பிடம். 1970-களின் தொடக்கத்தில் அந்த வார்டு மக்கள் போனது உயர் நீதிமன்றத்துக்கு இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவில், பொதுத் தொல்லையை அகற்றும்படி உட்கோட்ட நடுவரிடம் மனுக் கொடுத்தார்கள். அவர் நகராட்சிக்குக் கெடு வைத்தார். அமர்வு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் திருப்பி நிறுத்தியது. நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொன்ன வாதம் ஒன்றே: பணம் இல்லை. 1980 ஜூலை 29 அன்று நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் ஓ. சின்னப்ப ரெட்டியும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வடிகாலும் கழிப்பிடமும் நகராட்சியின் அடிப்படைக் கடமை, வறுமையைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது என்றார்கள்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதுவரைதான். அதற்கு அப்பால் உள்ள பகுதியே எனக்கு வேண்டியிருந்தது. நீதிமன்றம் அங்கே நின்றுவிடவில்லை. நகராட்சி முன்வைத்த திட்டங்களைப் பார்த்து, செலவைச் சுருக்கி, முடிக்கக் காலம் குறித்து, பற்றாக்குறைக்கு மாநில அரசிடம் கடனோ மானியமோ கேட்டு வாங்கும்படியும் வழிகாட்டியது. 'பணம் இல்லை' என்கிறவரிடம் 'எங்கே கேட்டாய், காட்டு' என்று கேட்கிற தீர்ப்பு அது. நாற்பது வருடமாக அதை அறச்சீற்றத்துக்கு மட்டும் பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

ரத்லாம் மக்களைப்போல நாமும் உட்கோட்ட நடுவரான வருவாய்க் கோட்டாட்சியரிடமே போகலாமே என்று என் ஜூனியர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு. ஒற்றை அலுவலகத்தின் தவறாக இருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன். இங்கே வாறுகால் பேரூராட்சியுடையது, சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, தண்ணீர் போய்ச் சேர வேண்டிய கண்மாய் நீர்வளத் துறையுடையது, இடையில் உள்ள ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறையுடையது. இத்தனை பேரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிறுத்த ரிட் மனுதான் வசதி.

எதிர் உறுதிமொழிகள் வந்தன. பேரூராட்சி சிறுபாலத்தைக் காட்டியது. நெடுஞ்சாலைத் துறை, சிறுபாலம் வயல்காலத்துக் கணக்குப்படி கட்டியது, கழிவுநீரை அதில் விட்டவர் யார் என்று கேட்டது. நீர்வளத் துறை, சுத்திகரிக்காத நீரைக் கண்மாயில் விட அனுமதி தர இயலாது என்றது. மூன்றும் உண்மை. பேரூராட்சி கூடுதலாக இரண்டு சொன்னது. ஒன்று சட்டம்: அப்போது பேரூராட்சிகளுக்குப் பொருந்திய 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், பொது வடிகால் அமைக்கும் கடமையை விதிக்கும்போதே, கையில் உள்ள நிதி இடம் கொடுக்கும் அளவுக்கு என்றொரு வாலையும் சேர்த்திருந்தது. இன்னொன்று நிதி: மத்திய நிதிக்குழு மானியம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடத்தக்கது, மழைநீர் வடிகாலுக்கு அதில் இடமில்லை.

சட்ட வாலுக்கு ரத்லாம் பதில். நிதி வாதத்துக்கு நான் பதினைந்தாவது நிதிக்குழுவின் அறிக்கையைப் படிக்க வேண்டியிருந்தது. படிக்கச் சுவையான நூல் இல்லை. ஆனால் பேரூராட்சி சொன்னது பாதி உண்மை என்பது அதில் தெரிந்தது. 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு நிதிக்குழு நகரங்களை இரண்டாகப் பிரித்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத் தொகுதிகள் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி. அவற்றுக்கு வந்த பணம் முழுவதும் காற்றின் தரம், குடிநீர், திடக்கழிவு என்று இலக்கு வைத்துக் கட்டப்பட்டது. வடிகாலுக்கு அதில் நேரான இடம் இல்லை. மற்ற ஊர்களுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதம் கட்டில்லாதது; சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தவிர ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவிடலாம். ஆக, அந்த ஐந்தாண்டுகளில் மதுரை நகரத் தொகுதிக்கு உள்ளே ஒரு தெருவுக்கு இந்தக் கதவு சாத்தியிருந்தது. எல்லைக்கல்லைத் தாண்டினால் திறந்திருந்தது. என் கட்சிக்காரர்களின் பேரூராட்சி கல்லுக்கு வெளியே இருந்தது. அந்த 40 சதவீதம் எங்கே போனது என்று மறுப்புரையில் கேட்டேன். தெருவிளக்குக்கும், சிமென்ட் சாலைக்கும் போயிருந்தது. அதாவது, தெருவை இன்னும் உயர்த்துவதற்கு.

பேரூராட்சியைக் குறை சொல்ல எனக்கு முழு மனம் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடக்கும் வரை, தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லையென்று சொல்லி மத்திய நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதியை டெல்லி நிறுத்தியும் வைத்தது. கவுன்சிலர் இல்லாத தெருவில் வாறுகால் அடைத்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? செயல் அலுவலர் ஒருவர், அவரே பக்கத்துப் பேரூராட்சிக்கும் பொறுப்பு. இளநிலைப் பொறியாளர் ஒருவர், அவருக்கு அதைவிட அதிகம்.

பெரிய பணம் எங்கே போகிறது என்பதையும் பார்த்தேன். சென்னையின் கொசஸ்தலையாறு வடிநிலத்தில் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தேசியப் பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து சென்னை வடிநிலத்துக்கு 561.29 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றது. அந்தத் தலைப்பில் முதலில் இடம்பெற்றவை ஏழு பெருநகரங்கள். மதுரை அதில் இல்லை. மதுரைக்கு 2005-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தது. மத்திய அரசு 50, மாநிலம் 20, மாநகராட்சி 30 என்ற பங்கீட்டில் நகரின் பழைய வாய்க்கால்கள் பலவற்றில் கான்கிரீட் ஏறியது. எல்லைக்கு வெளியே இருக்கிற பேரூராட்சி இந்தப் பட்டியல் எதிலும் வராது. அது சில்லறையைச் சேர்த்துத்தான் கட்டியாக வேண்டும்.

வழக்கு திரும்பியது வழக்கறிஞர் ஆணையர் ஆய்வில். நீதிமன்றம் நியமித்த ஆணையர் இளம் பெண் வழக்கறிஞர். சுடிதாரை முழங்கால் வரை உயர்த்திக் கட்டிக்கொண்டு வாறுகாலுக்குள் எட்டிப் பார்க்கத் தயங்காதவர். பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து ஆட்டோ லெவல் கருவியும், அளவுகோல் பிடிக்க இரண்டு மாணவர்களும் வந்தார்கள். காலை வெயிலில் நெடுஞ்சாலை ஓரம் முக்காலியை நிறுத்திவிட்டு, முதலில் சிறுபாலத்தின் தரையில் கோலை வைத்தார்கள். தரை எங்கே என்றே தெரியவில்லை. மண்வெட்டியால் சுரண்டச் சுரண்ட நெகிழித் தாள், கொட்டாங்குச்சி, இளநீர்க் கூடு, தேய்ந்த ரப்பர்ச் செருப்பு, கடைசியில் கல். அளவு எழுதினார்கள். பிறகு பின்னால் நகர்ந்து வாறுகாலின் கடைசி இருபது மீட்டரில் கோலை வைத்தார்கள். கருவியில் கண் வைத்திருந்த மாணவன் அளவைச் சொன்னான். செயின்மேன் ஐயா “மறுபடி பாருப்பா” என்றார். பார்த்தான். அதே அளவு.

வாறுகாலின் தரை சிறுபாலத்தின் தரையைவிட ஒரு சாண் பள்ளத்தில் இருந்தது. தண்ணீர் கண்மாய்க்குப் போக வேண்டுமானால் முதலில் ஒரு சாண் உயரம் நின்றாக வேண்டும். தெருவில் வருடம் முழுக்க நின்ற கறுப்புத் தண்ணீருக்கும் கொசுவுக்கும் அதுதான் காரணம். எத்தனை முறை தூர்வாரினாலும், தூர்வார வாரப் பள்ளம் கூடுமே தவிர வடிவதில்லை. நிதி வந்து, அதே கோட்டில் அகலமாகக் கட்டியிருந்தால் இன்னும் பெரிய தொட்டி ஒன்று கிடைத்திருக்கும். அந்த ஒரு வாசிப்புக்கு முன்பு வரை எந்த மதிப்பீட்டிலும் மட்டம் என்கிற பத்தி கிடையாது. நீளம், அகலம், விகிதம், தொகை, அவ்வளவுதான். இளநிலைப் பொறியாளர் பக்கத்தில் நின்றிருந்தார். “எங்களுக்கு லெவல் எடுக்கக் கருவியே இல்ல மேடம்” என்று ஆணையரிடம் சொன்னார். ஆணையர் அதையும் அறிக்கையில் எழுதினார்.

மட்டம் சொன்ன அடுத்த செய்தி சங்கடமானது. சிறுபாலத்தை உடைத்துப் பள்ளமாகக் கட்டுவது ஒரு வழி. அதைவிட இயல்பான வழி பழைய ஓடை. கிராம 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் ஓடைப் புறம்போக்கு தெளிவாக இருந்தது. அது குடியிருப்பின் தெற்கு ஓரத்தில் வளைந்து, சாலையை வேறோர் இடத்தில் கடந்து கண்மாயில் விழுந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு தொழிற்பட்டறையின் பின்சுவர், சில வீடுகளின் கழிவறைகள், மாட்டுக்கொட்டகை ஒன்று, கோயில் திண்ணையின் ஒரு மூலை. வீட்டுக்காரர்களில் இருவர் எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். பட்டறை, சங்கத் தலைவரின் மச்சினருடையது.

அன்று சாயங்காலம் தலைவர் தனியாக வந்தார். புலப்பட நகலை அவரே விரித்து, ஓடை ஓடிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

“இது எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி. நான் அளந்த ஊருல்ல.”

“ஏங்கய்யா முதல்லயே சொல்லல?”

“கேஸ் போடுற அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒருத்தனும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்.”

இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் தேடுவது! அவர் மறுவாரம் தன் பெயரிலேயே கூடுதல் உறுதிமொழி தாக்கல் செய்தார். ஓடையின் நீளம், அகலம், யார் யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது, மச்சினரின் சர்வே எண் உட்பட. அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பலகாரம் வரவில்லை என்று கேள்வி.

இரு நீதிபதிகள் அமர்வு வழங்கிய உத்தரவு நீளமானதில்லை. ஆணையரின் அறிக்கையை அடிப்படையாக வைத்து, கண்மாய் முதல் கடைசித் தெரு வரை ஒரே திட்ட அறிக்கையாகத் தயாரிக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் நீர்வளத் துறையும் தங்கள் ஒப்புதலைத் தனித்தனிக் கோப்பில் தேக்காமல் அதனுடனேயே தர வேண்டும். பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டு, உதவி இயக்குநர் வழியாகப் பேரூராட்சிகள் இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். நகராட்சி நிர்வாகத் துறை நிதி ஆதாரத்தைக் குறிப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி. இன்ன தொகையை ஒதுக்கு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை. அரசின் வரவுசெலவில் கை வைக்கிற உத்தரவு மேல்முறையீட்டில் முதலில் விழும். ஆக்கிரமிப்புகளுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அறிவிப்புக் கொடுத்து, பதில் கேட்டு, பிறகே அகற்ற வேண்டும் என்ற வரியும் இருந்தது. அது வேண்டும் என்று நானே கேட்டிருந்தேன். மாட்டுக்கொட்டகைக்காரருக்கும் சொல்ல ஒரு சொல் இருக்கும்.

கருத்துரு போனது. திரும்பியும் வந்தது. முதல் முறை, நீரியல் கணக்கு இணைக்கப்படவில்லை என்று. இது நியாயமான ஆட்சேபம். ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டின்படி, எவ்வளவு பரப்பில், எவ்வளவு வேகத்தில் மழை பெய்தால், அதில் எவ்வளவு பங்கு தரையில் ஓடும் என்று கணக்குப் போட்டுத்தான் அகலத்தை முடிவுசெய்ய வேண்டும். வயலாக இருந்தபோது பெரும்பங்கைக் குடித்த மண், கான்கிரீட் ஆனபின் ஏறக்குறைய எல்லாவற்றையும் தெருவில் விட்டுவிடும். கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார், கட்டணம் கேட்கவில்லை. அடுத்த முறை திரும்பி வந்த காரணம், தணிக்கை செய்த கணக்கைப் பேரூராட்சி இணையத்தில் ஏற்றவில்லை என்பது. நிதிக்குழு மானியத்துக்கு அது நுழைவு நிபந்தனை. ஒரு தெருவின் வாறுகாலும், யாரோ ஏற்றாமல் விட்ட ஒரு கணக்கறிக்கையும் இப்படிக் கட்டுண்டு கிடக்கும் என்று நான் நினைத்ததில்லை. தேதி குறித்த உத்தரவு கையில் இருந்ததால் இவை மாதக்கணக்கில் போகாமல் வாரக்கணக்கில் முடிந்தன. அந்த அளவுக்கு நீதிமன்றத்தின் பயன்.

பணம் கடைசியில் துண்டு துண்டாகச் சேர்ந்தது. பிரதான வடிகாலுக்கு மாநில அரசின் நிதியும், கட்டில்லாத மானியத்தின் இரண்டு ஆண்டுப் பங்கும். சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறையின் செலவு. அவர்கள்தான் முதலில் முடித்தார்கள், சொல்லப்போனால் மிக நன்றாக. உள்தெருக் கிளைகளுக்குப் பணம் போதவில்லை. அதற்கு 2021-இல் மறுபடி தொடங்கிய நமக்கு நாமே திட்டம். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். சங்கம் வீடு வீடாக வசூலித்தது. வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரைக் கைகாட்டினார்கள், உரிமையாளர்கள் துபாயில் இருந்தார்கள். மாவு விற்கிற அந்தப் பெண் முதல் ஆளாகக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு தகராறு. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரி உயர்ந்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கே 25 சதவீதம். நிதிக்குழு மானியம் வேண்டுமானால் சொத்துவரியைச் சீராக உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையை அரசு காரணமாகச் சொன்னது. “வரியும் நாங்க கட்டணும், மூணுல ஒரு பங்கும் நாங்க கட்டணும்னா, மானியம்னு எதச் சொல்றீங்க சார்?” என்று சங்கக் கூட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னைக் கேட்டார். கேள்வி சரி. வரி கட்டுகிற தெரு, தன் பங்கையும் கட்டினால்தான் வடிகால் என்பது வசதியுள்ள குடியிருப்புக்குத் தோதான திட்டம். கூலிக்காரர்கள் இருக்கிற கடைசித் தெருவில் அந்த மூன்றில் ஒரு பங்கு சேரவே இல்லை. அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டுத்தான் மற்றவை கட்டப்பட்டன. இந்தத் திட்டத்தில் எனக்குள்ள குறை இதுதான்: அதிகம் நனைகிற தெருதான் கடைசியில் நிற்கிறது.

2024 அக்டோபர் 25 அன்று பிற்பகலில் மதுரையில் கால் மணி நேரத்துக்குள் நாலரை சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு ஏக்கரில் அது ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் லிட்டர். செல்லூர்ப் பக்கம் தெருக்கள் கண்மாயாயின. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் ஒதுக்கீடு சில நாளிலேயே அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 31 அன்று முதலமைச்சர் பந்தல்குடிக் கால்வாயை நேரில் வந்து பார்த்தார். செய்திப்படம் எடுக்கிற அளவுக்குத் தண்ணீர் நின்றால் பணமும் வேகமாக வருகிறது. எங்கள் பேரூராட்சியிலும் அந்த அக்டோபர் வாரத்தில் மழை பெய்தது. வடிகால் கட்டிய தெருக்களில் இரவுக்குள் வடிந்தது. கடைசித் தெருவில் மறுநாள் வரை நின்றது. அந்தத் தெருவுக்காகத் தனியே ஒரு மனு இப்போது நிலுவையில் இருக்கிறது. ஓடையில் பட்டறைச் சுவர் பின்னுக்குப் போய்விட்டது. கோயில் திண்ணை மூலை இன்னும் போகவில்லை.

இப்படியொரு வழக்குப் போட நினைக்கிற சங்கத்தார் நவம்பரில் ஈரப் படங்களோடு வராதீர்கள். மழைக்காலம் முடிந்து, உள்ளாட்சிகள் வரவுசெலவு தயாரிக்கிற ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். புலப்பட நகலும் 'அ' பதிவேட்டு நகலும் எடுத்துவாருங்கள். உங்கள் ஊர் நிதிக்குழு மானியத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது, கட்டில்லாத பங்கு எதற்குச் செலவானது என்று தகவல் உரிமையில் கேட்டு வாங்கி வாருங்கள். முடிந்தால் ஒரு பொறியியல் கல்லூரியைப் பிடித்து மட்டம் எடுத்துக்கொண்டு வாருங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், உங்கள் சங்கத்தில் யாருடைய சுவர் ஓடையில் நிற்கிறது என்பதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.